உள்ளங்கால் சூடு

பானெட்டைத் தாங்கும் கம்பி உடைந்து ஆறு மாதமாகிறது. தமிழினி டிக்கியிலிருந்து மூங்கில் குச்சியை எடுத்து முட்டுக்கொடுத்தாள். ரேடியேட்டர் பக்கமிருந்து ஆவி சீறி வந்தது. கூடவே மஞ்சள்தூள் வாசனையும் வந்தது. பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டார்கள். மார்கழித் தூறலில் லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின.

முன்சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். பின்சீட்டிலிருந்து அம்மா மோகனா கையை நீட்டி அவர் நெஞ்சின்மேல் வைத்திருந்தாள். காலையில் வேலூர் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை நாள் என்று அம்மா கேட்டாள். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

போன் அடித்தது. அப்பாவின் அக்கா, ராஜம்மாள் அத்தை.

“எங்கடி கீறீங்க?”

“பள்ளிகொண்டா தாண்டி அத்தை. வண்டி சூடாய்டுச்சு.”

“வண்டி சூடு கெடக்கட்டும். தம்பி கால் எப்பிடிக்குது? சூடு கீதா?”

தமிழினி கதவைத் திறந்து குனிந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டாள். ஈரத்துணி போலச் சில்லென்றிருந்தது.

“லேசா இருக்கு அத்தை.”

“மூச்சோட வந்து சேந்துடணும், சொல்லிட்டேன். வாசப்படி தாண்டிட்டான்னா போதும். அதுக்கப்பறம் சாமி இன்னா வேணா செய்யட்டும்.”

மாதனூரை ஒட்டிய அவர்கள் ஊரில், வெளியே உயிர் போனவரை வீட்டுக்குள் எடுப்பதில்லை. நான்கு வருஷத்துக்கு முன், அப்பாவோடு வேலை பார்த்த கன்னியப்பன், கம்பெனி பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவரைத் தெருவில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். அன்றைக்கு விடிய விடிய மழை. தொப்பை போட்டுத் தொங்கிய சாமியானாவைக் கழியால் குத்திக் குத்தித் தண்ணீரை வடித்தபடி நின்றவர் அப்பா. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே அவர் சொன்னது ஒன்றுதான்: “என்னத் தெருவுல போட்டுடாதீங்க. இந்த வீட்டக் கட்டுனவன் நானு.” ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் சோல் ஒட்டி, போனசுக்கு ஒரு சுவர் என்று எழுப்பிய வீடு.

ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் பேச்சு வந்தபோதும் அவர்தான் தலையசைத்து மறுத்தார். “கத்திகினு போற வண்டி வேணாம். நம்ம வண்டிலயே போலாம்.”

நம்ம வண்டி என்பது இந்த மாருதி 800. தமிழினியைவிட இரண்டு வயது மூத்தது. டயாலிசிசுக்கு வாரம் இரண்டு முறை பஸ்ஸில் நின்றுகொண்டு போக அப்பாவால் முடியவில்லை என்றானபோது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்ததைக் கொண்டு வாங்கினாள். வாங்குவது சுலபமாக இருந்தது, வைத்துக்கொள்வதுதான் படிப்பைவிடப் பெரிய படிப்பாக இருந்தது. ஒரு மாதம் டயர், ஒரு மாதம் பேட்டரி. வைப்பர் வேறொரு வண்டியினுடையது. ஏ.சி. வாங்கும்போதே செத்திருந்தது, ஹீட்டரை யாரும் போட்டுப் பார்த்ததில்லை. ரேடியேட்டர் ஒழுகியபோது செமஸ்டர் ஃபீஸ் கட்டவேண்டி வந்தது. யூட்யூபில் யாரோ சொன்னதைக் கேட்டு மஞ்சள்தூளைக் கரைத்து உள்ளே ஊற்றினாள். ஒழுகல் நின்றது. காலேஜில் வண்டிக்கு ‘சாம்பார்’ என்று பெயர் வந்தது.

ஆம்பூரில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் வாஹித் பாஷாவுக்குப் போன் போட்டாள்.

“பாய், மறுபடியும் கொதிச்சிடுச்சு.”

“தீவாளிக்கு முன்னாடியே இன்னா சொன்னேன்? ரேடியேட்டர மாத்துன்னு சொன்னனா இல்லியா? நீ மஞ்சத்தூள் போட்டு கொழம்பு வச்சிகினு கீற. பெருங்காயம் போட்டியா?”

“எங்கப்பா வண்டில இருக்கார் பாய். வீட்டுக்குக் கூட்டினு போவச் சொல்லிட்டாங்க.”

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

“மூடியத் தொறந்துடாத, மூஞ்சி வெந்துடும். கால்மணி நேரம் ஆறட்டும். அப்பறம் தண்ணி ஊத்திட்டு, ஹீட்டர ஃபுல்லா வச்சி ஓட்டு. இன்ஜின் சூட்ட அது உள்ள இழுத்துக்கும். அம்பதுக்கு மேல போவாத. சரியா?”

“சரி பாய்.”

“ஒண்ணும் ஆவாதும்மா” என்றார். அவரே அதை நம்பாத குரல்.

கால்மணி என்பது அரைமணி ஆயிற்று. தீபாவளிக்கு முன்பே மாற்றியிருந்தால் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். அம்மா அதைச் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கி, “ஆச்சா?” என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் தமிழினிக்கு, திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தண்ணீரை ஊற்றி, பானெட்டைச் சாத்தி, ஹீட்டர் பிடியைக் கடைசிவரை தள்ளினாள். முதலில் புழுதி வாடை வந்தது. பிறகு கால்மாட்டிலிருந்து வெக்கை எழும்பியது. மழைக்குக் கண்ணாடிகளை ஏற்றியிருந்ததால் இரண்டே நிமிஷத்தில் அவள் முதுகு நனைந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். சிறுநீரகம் கெட்டதிலிருந்து அவருக்கு எந்நேரமும் குளிர்தான். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார்.

“கதகதன்னு கீது” என்றார்.

“ஹீட்டர்ப்பா.”

“இத்தினி நாளா ஏன் போடல?”

எத்தனை முறை இதே சீட்டில் நடுங்கிக்கொண்டே வேலூர் போய் வந்திருக்கிறார். ஒரு நாளும் தோன்றவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வெக்கை வரும் பக்கமாகக் காலை நகர்த்த முயன்றார்.

மாதனூருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது சூட்டைக் காட்டும் முள் இறங்கிப் பாதிக்கு வந்துவிட்டது. தமிழினி நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஹீட்டரை அணைக்கக் கை நீட்டினாள்.

“அணைக்காத” என்றாள் அம்மா.

“இன்ஜின் சூடு எறங்கிடுச்சும்மா. இனிமே வேணாம்.”

“இருக்கட்டும். அணைக்காத.”

தமிழினி திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கை அப்பாவின் நெஞ்சை விட்டு எழுந்து, பாதி திறந்திருந்த அவர் இமைகளை மெல்லத் தடவி மூடி, மறுபடியும் நெஞ்சுக்கே போனது.

“நிறுத்தட்டுமா?”

“நிக்காத. ஓட்டு.”

ஷிப்ட் விட்ட கம்பெனி பஸ் ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரப் பெண்கள் குனிந்து வண்டிக்குள் பார்த்தார்கள். அம்மா முன்னால் சாய்ந்து, தூங்குகிறவருக்குச் செய்வதுபோல அப்பாவின் தலையைத் தன் தோளில் சேர்த்துக்கொண்டாள். தமிழினி ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினாள். உள்ளே மூச்சு முட்டியது. இருவரும் கண்ணாடியை இறக்கவில்லை.

வீட்டெதிரே தெருவில் பெஞ்சைப் போட்டே வைத்திருந்தார்கள். வண்டி நின்றதும் ஊர்ப் பெரியவர் வேதாசலம், “பாத்துட்டுத் தூக்குங்க. எதுன்னாலும் பெஞ்சு கீது” என்றார்.

“நீ தள்ளுய்யா. மொதல்ல நான் பாக்கறேன்” என்று அத்தை அவரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு முன்கதவைத் திறந்தாள். அடுப்பைத் திறந்ததுபோல வெக்கை அவள் முகத்தில் அடித்தது. குனிந்து தம்பியின் இரண்டு உள்ளங்கால்களையும் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“கால் சூடா கீது!” என்று அத்தை தெருவுக்கே கேட்கக் கத்தினாள். “உயிர் கீதுடா! இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கறீங்க, உள்ள தூக்குங்க!”

வேதாசலமும் ஒரு கை பிடித்தார். நான்கு பேராகத் தூக்கி, வாசற்படி தாண்டி, அவர் கட்டிய நடு அறையில் பாய்மேல் படுக்க வைத்தார்கள். அத்தை ஸ்பூனில் பால் ஊற்றினாள். கடைவாயில் வழிந்ததை யாரும் பார்ப்பதற்குள் முந்தானையால் துடைத்தாள்.

“ஒரு வாய் குடிச்சிட்டான் என் தம்பி” என்றாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து அழுதாள்.

தெருவில் கிடந்த பெஞ்சில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் ஆம்பூரிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் அதை அறை மூலையில் வைத்து, ஒயரை இழுத்துச் செருகினார். பெட்டி உறுமத் தொடங்கியது.

“இன்னா அவசரம்? ஒடம்பு ஆறட்டும்” என்றாள் அத்தை.

அம்மா ஒரு பாதத்தை மடியில் வைத்து இரு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் ஜாக்கெட் முதுகு இன்னும் காயவில்லை. தமிழினி மற்றொரு பாதத்தருகே உட்கார்ந்தாள். யாராரோ வந்தார்கள், மாலை போட்டார்கள், போனார்கள். தரையின் சில்லிப்பு பாய் வழியாக ஏறிக்கொண்டிருந்தது.

பெட்டிக்காரர் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். “ஆறிடுச்சாம்மா?”

தமிழினி அப்பாவின் உள்ளங்காலில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. அம்மா நிமிரவில்லை.

“இல்லண்ணா” என்றாள் தமிழினி. “இன்னும் கொஞ்ச நேரம் போவட்டும்.”

அவர் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். மூலையில் காலிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடி மூடியில் மெல்லப் பனி படர்ந்தது.