யாரும் கேட்காத தீர்ப்பு

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் விசாலாட்சி மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்து ஒரு துணிப்பை நீண்டது. நீட்டியவர் மங்களம். சந்தை மாடியில் தையல்கடை வைத்திருந்த முத்துராமனின் மனைவி.

"உங்க அளவு பிளவுஸ். தீபாவளிக்குக் கொடுத்த துணியும் இருக்கு. தச்சு வச்சிட்டுத்தான் போனாரு."

விசாலாட்சி பையை வாங்கிக்கொண்டார். வாடிக்கையாளர் ஒருவரின் சங்கிலியைத் திருடியதாக முத்துராமன்மீது வழக்குப் போட்டபோது, அந்தச் செய்தியைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டவர் இவர்தான். நல்ல எண்ணத்தில்தான் போட்டார். இப்படிப் பரப்புகிற எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான் இருக்கிறது. அதன்பின், தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்கக்கூட யாரும் அந்த மாடி ஏறவில்லை. போன மாதம் முத்துராமன் மாரடைப்பில் இறந்துபோனார்.

"கேஸ் என்னாச்சு?" என்றார் விசாலாட்சி.

"விடுதலை லா. போன வருஷமே."

"பேப்பர்ல வரலையே."

"பிடிச்சது வந்துச்சு. விட்டது வரல. நான் சொன்னா, பொண்டாட்டி அப்படித்தான் சொல்வான்னு நினைப்பீங்க. கேஸ் நம்பர் தரேன், கோர்ட்லயே கேளுங்க."

"நமக்கெல்லாம் கேஸ் பதிவைக் கொடுப்பாங்களா?"

"எதுக்குன்னு காரணம் சொல்லி அப்ளை பண்ணணும். கொடுக்கலாமா வேணாமான்னு அவங்க பாப்பாங்க. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

விசாலாட்சி பொங்கோலில் உள்ள தன் வீட்டுக்கு வந்து புது பிளவுஸைப் போட்டுப் பார்த்தார். கையும் கழுத்தும் அவ்வளவு கச்சிதம். முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று தையலைச் சரிபார்ப்பதுபோல் இருந்தது. அவசரமாகக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டிய பிறகும் அங்கே யாரோ காத்திருப்பதுபோலவே இருந்தது. அந்த அறையில் இருக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் நீதிமன்றத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்தார். வழக்கு எண்ணையும் பெயரையும் தட்டியாகிவிட்டது. எதற்காகத் தேவை என்று கேட்ட இடத்தில் விரல் நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் உள்ளதையே எழுதினார்: நான் பரப்பியதைத் திருத்துவதற்கு.

அனுமதி கிடைத்தது, பதிவும் வந்தது. முத்துராமன் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டிருந்தார். விசாலாட்சி அதை அதே குழுவில் எழுதினார். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் பதில் போட்டார்.

"யாரு இந்த முத்துராமன்?"

விசாலாட்சி அழுதுகொண்டே தட்டினார்:

"நம்ம தேக்கா டைலர். திருடன்னு உங்களுக்கெல்லாம் சொன்னது நான்தான். கேஸ் போட்டுட்டா குற்றவாளின்னு ஆயிடாது. தீர்ப்பு என்னன்னு கோர்ட்ல கேக்காம யாரையும் திருடன்னு சொல்லாதீங்க. நான் கேட்டேன். அவர் செத்தப்புறம்தான் கேட்டேன்."