ஒரு சொட்டுகூட இல்லை

கண்ணுசாமி போன் பண்ணினாலே ஃபரீனுக்கு முகம் மலர்ந்துவிடும். வேலை முடிந்த பிறகு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பாராட்டுகிற மனிதரை எங்கே பார்த்தீர்கள்? குறை சொல்லத்தான் கூப்பிடுவார்கள், அதுவும் சாப்பாட்டு நேரம் பார்த்து. கண்ணுசாமியோ மழை பெய்கிற நாளெல்லாம் கூப்பிட்டார்.

"மலையே கரைஞ்சிடற மாதிரி ஊத்திக்கினு கீதும்மா. உள்ள ஒரு சொட்டு இல்ல! ஒழுகலுக்கு வெச்ச குண்டான் எல்லாத்தையும் வூட்டுக்காரி கழுவிக் கவுத்துட்டா."

மலைமேல் கரியாலூரில் அவர் வாங்கியிருந்த பழைய பங்களா மெட்ராஸ் டெரஸ். மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கி, அதன்மேல் கனமாகச் சுண்ணாம்புத் தளம் போட்ட கூரை. வாங்கிய நாளிலிருந்து ஒழுகல்தான். கள்ளக்குறிச்சியில் தஸ்தகீர் ஹார்டுவேர்ஸ் கடைக்காரரின் மகள் ஃபரீன். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒழுகல் அடைக்கும் வேலையை எடுத்துச் செய்பவள். மொட்டை மாடி முழுக்க ரப்பர் பூச்சு பூசினாள். அதோடு கையைக் கழுவியிருக்கலாம். கறை தெரியக்கூடாது என்று உள்கூரைக்கும் நீர் புகாத எபாக்ஸிப் பிசினைக் கெட்டியாக அடித்து, மேலே வெள்ளை பூசிக் கொடுத்தாள். மேலேயும் பூட்டு, கீழேயும் பூட்டு என்று பெருமையாகச் சொல்லுவாள். தியாகதுருகத்தில் இதேபோல் ஒழுகிய விஜயராகவன் வீட்டுப் பழைய கூரைக்கும் அதே பூட்டுதான்.

பூசும்போது தளத்தில் ஈரம் இருந்தது. வெயிலில் நன்றாகக் காயட்டும் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் நிச்சயத்தைப் புதுசாக்கிய கூடத்தில்தான் வைப்பேன் என்று கண்ணுசாமி தன் மகள் நர்மதாவுக்குத் தேதி குறித்துவிட்டிருந்தார். தோன்றியதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேலையை முடித்தாள்.

நிச்சயத்தன்று ஸ்வீட் பாக்ஸோடு அவள் வந்து இறங்கியபோதும் மழை விடவில்லை. கூடத்துக்குள் சனம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. நேரே உள்ளே போகாமல் வெளிப்படி ஏறி மாடிக்குப் போனாள். தன் வேலையைத் தானே ஒருமுறை ரசித்துவிட்டு வருகிற ஆசை, வேறென்ன.

முதல் அடியிலேயே கால் அமுங்கியது. தண்ணீர் நிரம்பிய பைமேல் நிற்பதுபோல் இருந்தது. மலைப்பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் நீளமாக ஒரு வெடிப்பு. அதில் மழை சாவகாசமாக இறங்கிப் பூச்சுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் ஒழுகியாவது வெளியேறியது. இத்தனை நாள் மழையும் இப்போது தளத்துக்குள்ளேயே தங்கியிருக்கிறது, உத்திரங்கள் ஊறிக்கொண்டிருக்கின்றன.

படியில் விழுந்தடித்து இறங்கினாள். அவளைக் கண்டதும் கண்ணுசாமி கையைப் பிடித்துக் கூட்டத்தின் நடுவே கூட்டிப்போனார்.

"இந்தப் பொண்ணுதாங்க! இது கையாலதான் என் வூடே பொழைச்சுது."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கூடத்தின் நடுவில் வெள்ளைப் பூச்சு உப்பித் தொங்கியது. நடு உத்திரம் சுவரில் நுழைகிற இடத்தில் மரத்தூள் ஈரமாக உதிர்ந்திருந்தது. உப்பலுக்கு நேர் கீழே தாம்பூலத் தட்டுகள். பக்கத்தில் பாயில் தலை குனிந்து நர்மதா.

"அண்ணே, எல்லாரையும் வெளிய அனுப்புங்க. கூரை வுழுந்துடும்."

கண்ணுசாமி சிரித்தார். "இன்னாம்மா வெளாட்டு? மேல பாரு, ஒரு சொட்டு இல்ல!"

"அதான்ணே பயம்! தண்ணி மொத்தமும் உள்ளயே நிக்குது."

மாப்பிள்ளையின் பெரியப்பா ராமசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "தட்டு மாத்தற நேரத்துல மழையில போயி நிக்கணுமா? யாருங்க இது?"

சொல்லிப் புரியவைக்க நேரம் இல்லை என்பது ஃபரீனுக்குத் தெரிந்தது. இங்கே எல்லாரும் நம்புகிற ஒரே சாட்சி ஒழுகல்தான். கதவோரம் பலா பறிக்கும் துரட்டி சாய்ந்திருந்தது. அதை எடுத்து, தன் பெயர் கெட்டால் கெடட்டும் என்று, தான் பூசிய வெள்ளையை ஓங்கிக் குத்தினாள்.

தண்ணீர் சொட்டவில்லை, கொட்டியது. பழுப்பாக, சுண்ணாம்பும் அழுகின மரமும் நாறிக்கொண்டு, தட்டுகள்மேல், பட்டுப்புடவைமேல், பூமேல். பெண்கள் அலறினார்கள். மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று எழுந்து வெளியேற, அவர்களைச் சமாதானப்படுத்தப் பெண் வீட்டார் பின்னாலேயே ஓடினார்கள். நர்மதா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஃபரீன் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து வாசலில் தள்ளினாள்.

மழையில் நின்று ஆளுக்கு ஒன்றாகத் திட்டினார்கள். ஃபரீன் வாசற்படியில் இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றாள். திட்டு அவள் காதில் விழவே இல்லை. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வழிய வுடும்மா, தட்டையாவது எடுத்துக்கறேன்," என்று கண்ணுசாமி அவள் தோளைத் தள்ளினார்.

உள்ளே மரம் முறிந்தது. அப்புறம் மொத்தமும் வந்தது. புழுதி கிளம்பவில்லை, சேறு வாசல்வரை தெறித்தது. கூரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. நர்மதா உட்கார்ந்திருந்த பாயின் ஓரம் மட்டும் செங்கல்லுக்கடியில் நீட்டிக்கொண்டிருந்தது.

கண்ணுசாமி மகளின் தலையைத் தடவிக்கொண்டே முணுமுணுத்தார். "ஒரு சொட்டு ஒழுகலயேம்மா… ஒரு சொட்டுகூட…"

ஃபரீனின் பையில் போன் அடித்தது. எடுத்தாள். தியாகதுருகம் விஜயராகவன். குரலில் சந்தோஷம் வழிந்தது.

"மேடம், இங்க செம மழை! உங்க வேலை சூப்பருங்க. சொந்தக்காரங்க எல்லாம் வந்துகீறாங்க, பசங்க கூடத்துலதான் வெளையாடிக்கினு இருக்குதுங்க. மேல ஒரு சொட்டு…"

"பசங்கள வெளிய கூட்டினு வாங்க!" என்று ஃபரீன் கத்தினாள். "சார், வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க!"

"இன்னா மேடம், சரியா கேக்கல," என்று சிரித்தார் அவர். "இங்க மழை சத்தம் ஜாஸ்தி."