மயிலம் ரோட்டுச் செங்காந்தள்

மயிலம் போகும் சாலையை அகலப்படுத்தியபோது, ஓரத்து வேலிகளையெல்லாம் ஜேசிபி வழித்துப் போட்டிருந்தது. திண்டிவனத்தில் துணிக்கடையில் பில் போடும் ஜெசிந்தா, அந்தச் சாலையோரம் பஸ்ஸுக்கு நின்றிருந்த வேளையில், புரட்டிய மண்ணில் கலப்பைபோல வளைந்த ஒரு கிழங்கைப் பார்த்தாள். செங்காந்தள். ஒரு பக்கம் முறிந்திருந்தது. மறுபக்க நுனியில் முளை பிழைத்திருந்தது. அதுவும் ஒடிந்தால் செடி வராது. துப்பட்டாவில் சுற்றி, வீடுவரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் கணவன் செபஸ்தியானுக்கு முகம் சுருங்கியது.

“வெஷக் கிழங்கு அது. ரோட்ல கெடந்ததைப் போய் எத்துக்கினு வந்திருக்கியே!”

“சுத்தி வலை அடிச்சிடறேங்க. யாரு அதைத் தின்னப் போறாங்க?”

காம்பவுண்டுச் சுவரோரம், சரளை மண்ணில் நட்டாள். கொடி, இலைநுனியைக் கொக்கியாகச் சுருட்டி வலையைப் பற்றி ஏறியது. அந்த வருடம் பூக்கவில்லை. பொங்கலுக்குள் வைக்கோலாகக் காய்ந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், செபஸ்தியான் அங்கே சிமெண்ட் கலப்பதைப் பார்த்தாள். வண்டி நிறுத்தத் தளம் போடுகிறானாம். கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு போய் அந்த இடத்தில் நின்றுகொண்டாள்.

“செத்துப்போன செடிக்கு ஏன் இவ்ளோ பேஜாரு பண்ற?”

“சாவலீங்க. அடியில கிழங்கு உசுரோட இருக்குது. மழை வர்ற வரைக்கும் விடுங்க.”

கலந்த சிமெண்ட்டைக் குளியலறைப் படிக்குப் பூசினான்.

கோடை முழுக்க அவள் அங்கே தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் கிழங்கு அழுகும். ஆடி மழைக்கு அடுத்த காலை, செபஸ்தியான்தான் கத்தினான்: “ஜெசி, ஜல்தி வா!” ஒன்றல்ல, இரண்டு தளிர்கள்.

ஐப்பசியில் பூத்தது. முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் தணல்போலச் சிவப்பு. கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்துத் தெரு இசைவாணி வாசலுக்கே வந்துவிட்டாள்.

“எந்த நர்சரில வாங்கினீங்க?”

ஜெசிந்தா வாயெடுக்குமுன் செபஸ்தியான் முந்திக்கொண்டான்.

“வாங்கினது இல்லீங்க. எங்க வீட்டுக்காரம்மா வளர்த்தது. செத்துடுச்சின்னு நான் சிமெண்ட் போடப் பார்த்தேன். இவங்க விடல.”

இவங்க என்றான். அவளைப் பற்றி அவன் அப்படி மரியாதை வைத்துப் பேசி அவள் கேட்டதே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு டீச்சரைப்போல நிமிர்ந்து நின்றாள்.

“கிட்ட வந்து பாருங்க இசை. தொட்டா மட்டும் சோப்பு போட்டுக் கை கழுவிடணும்.”