பதினோராம் நாள் வைத்த பெயர்

இந்தியக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அனந்தராமன் பக்கத்தில், முன்பின் தெரியாத ஒரு மாமி தள்ளுவண்டியோடு வந்து நின்றாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. உங்க பொண்ணு எங்கே பொறந்தா?"

"டாலஸ்ல."

"அதான் நானும் சொன்னேன். எல்லாரும் வேற மாதிரின்னா சொல்றா."

அந்த வாரத்தில் இது ஏழாவது தடவை. முதல் இரண்டு தடவை கோபம் வந்தது. மூன்றாவது தடவை விளக்கம் சொன்னார். இப்போதெல்லாம் பதில் தானாக வாயிலிருந்து விழுந்துவிடுகிறது. வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தார். எழுபத்து மூன்று வயதில் இது என்ன பிழைப்பு என்று இருந்தது.

அவர் மகள் விஷாகா, டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ நகரை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் நான்கு வருடங்களாக நகர கவுன்சிலர். இப்போது மேயர் தேர்தலில் நிற்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் ஃபேஸ்புக்கில் ஒரு செய்தியைப் போட்டான். அவள் அமெரிக்காவில் பிறக்கவே இல்லை, கைக்குழந்தையாக இந்தியாவிலிருந்து கொண்டுவந்து பொய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள், குடியுரிமையே இல்லாதவள் எப்படி மேயர் ஆகலாம் என்று.

விஷாகா உடனே தன் பிறப்புச் சான்றிதழை வெளியிட்டாள். வினையே அதில்தான் வந்தது. 1984-ல் பிறந்த குழந்தைக்கு, 'பெயர் சேர்க்கப்பட்ட வருடம் 1989' என்று சான்றிதழின் கீழே ஒரு வரி இருந்தது.

அந்த வரிக்குக் காரணம் அனந்தராமன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிவத்தோடு வந்து, குழந்தைக்குப் பெயர் என்ன என்று கேட்டாள். "பதினோராம் நாள்தான் பெயர் வைப்போம்" என்றார் இவர். அவள் சிரித்துவிட்டு, 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனாள். பதினோராம் நாள் பெயர் வைத்தார்கள். அதை ஆபீஸுக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் மறந்துபோயிற்று. ஐந்து வருடம் கழித்து ஸ்கூலில் சேர்க்கப் போனபோதுதான் ஞாபகம் வந்தது.

ஐந்து வருடம் பெயரே இல்லாத குழந்தை உண்டா என்று இப்போது ஊரே கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது, விஷாகா சாதத்தை அளைந்துகொண்டே சொன்னாள். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் தேர்தல்லேர்ந்து வித்ட்ரா பண்ணலாம்ப்பா. பண்ணிடலாம்னு இருக்கேன். ஷ்ரேயாகிட்ட ஸ்கூல் பஸ்ல பாஸ்போர்ட் எங்கேன்னு கேக்கறாங்க. ஷி இஸ் தர்ட்டீன்."

பேத்தியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே அனந்தராமனின் மனைவி காமாக்ஷி ரசத்தை ஊற்றினாள். மகள் போன பிறகுதான் பேசினாள். "ஏன்னா, அன்னிக்கே ஒரு நடை போயிட்டு வந்திருக்கலாம் இல்லையா?"

நாற்பது வருடத்தில் அவள் அதைச் சொல்லிக் காட்டியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை, 'டாலஸ் சீனியர்ஸ்' வாட்ஸப் குழுவில் அதே செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவர் அவருடைய நாற்பது வருடச் சிநேகிதர் ஜம்புநாதன். அனந்தராமன் அந்தப் பெயரை மூன்று தடவை படித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, ஜம்புநாதன் இருக்கும் ஆலன் என்ற பக்கத்து ஊருக்குக் காரை விட்டார்.

ஜம்புநாதன் வாசல் கதவைத் திறந்து, "வா வா, காபி சாப்பிடறியா?" என்றார்.

"என்னடா அனுப்பியிருக்கே?"

"எதை?"

அனந்தராமன் போனை நீட்டினார்.

"ஓ, அதுவா? நான் எழுதலையே. வந்தது, தள்ளி விட்டேன். கீழே பாரு, 'வந்ததை அப்படியே அனுப்புகிறேன்'னு போட்டிருக்கேன்."

"என் பொண்ணுக்குப் பேர் வெச்ச அன்னிக்கு மந்திரம் சொன்னது யாரு?"

"நான்தான். அப்போ இங்கே ஏது வாத்தியார்? புஸ்தகத்தைப் பார்த்து நான்தானே சொன்னேன்."

"எங்கே சொன்னே?"

"உன் அபார்ட்மென்ட்ல. ஹோமப் புகையில அலாரம் அடிச்சு ஃபயர் இன்ஜின் வந்துதே."

"அது எந்த ஊர் ஃபயர் இன்ஜின்?"

ஜம்புநாதன் போனைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குத் தெரியாதாடா? தெரியும். எல்லாரும் சொல்றாளேன்னு..."

"காலம்பர காபிக்கு முன்னாடி முப்பது பேருக்கு அனுப்பலேன்னா இவருக்குப் பொழுது விடியாது" என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி பர்வதம்.

"புதன்கிழமை சாயங்காலம் லைப்ரரி ஹால்ல மீட்டிங். வந்து நீ பார்த்ததைச் சொல்லு."

"நானா? மாப்பிள்ளைக்கு கிரீன் கார்டு இன்னும் வரலைடா. இந்த நேரத்துல மைக்கைப் பிடிச்சுண்டு..."

"அனுப்பறப்போ மாப்பிள்ளை ஞாபகம் வரலையாக்கும்?" என்றாள் பர்வதம்.

புதன்கிழமை ஹால் நிரம்பி, பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வேட்பாளர்கள் நான்கு பேரும் மேடையில். சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். தண்ணீர்க் கட்டணம் பற்றி ஒருவர் கேட்டார். அடுத்த ஐந்து பேரும் சான்றிதழைப் பற்றியே கேட்டார்கள். யாரும் கத்தவில்லை. "எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்றுதான் ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள். விஷாகா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ஆறாவதாக ஜம்புநாதன் எழுந்தார். ரிட்டயர் ஆன அன்று போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நல்ல ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார். குழந்தை பிறந்த பதினோராம் நாள் பெயர் வைப்பது எங்கள் வழக்கம், அன்று நான் அங்கே இருந்தேன், புகையைப் பார்த்து டாலஸ் தீயணைப்பு வண்டி வந்தது, வந்தவர்களுக்கு வடை கொடுத்தோம். ஹாலில் சிரிப்பு எழுந்தது. அனந்தராமனுக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கையைத் தூக்கினாள். "பத்து நாள் அந்தக் குழந்தைக்குப் பெயர் இல்லை. சரி. அந்தப் பத்து நாளில் நீங்கள் குழந்தையைப் பார்த்தீர்களா?"

"இல்லை மேடம்" என்றார் ஜம்புநாதன். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "தீட்டு உண்டு. பத்து நாளைக்கு நாங்கள் அந்த வீட்டுக்குப் போக மாட்டோம்."

"அப்படியானால், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையும் நீங்கள் பெயர் வைத்த குழந்தையும் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

ஜம்புநாதன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். மணி அடித்தது. இரண்டு நிமிடம் முடிந்திருந்தது.

வியாழக்கிழமை காலை அனந்தராமனின் போனில் ஜம்புநாதனின் படம் வந்தது, கோட்டோடு. 'அவர்களுடைய பூசாரியே ஒப்புக்கொண்டார்: பத்து நாள் குழந்தையை யாரும் பார்க்கவில்லை.' அனுப்பியவர் பிச்சுமணி. குழுவில் அவர்தான் மூத்தவர். கீழே, 'வந்ததை அப்படியே அனுப்புகிறேன்.'

சற்று நேரத்தில் ஜம்புநாதனே கூப்பிட்டார். "பார்த்தியாடா? என்னைப் பூசாரிங்கறான். முப்பத்தஞ்சு வருஷம் பாலம் கட்டின சிவில் இன்ஜினியர் நான். இந்த ஆள் எந்த வருஷம் வந்தான், எந்த விசாவில வந்தான்னு ஃபேஸ்புக்ல அதுக்குக் கீழே நூறு பேர் கேக்கறா."

"நீ என்ன பதில் போட்டே?"

"என் சிட்டிசன்ஷிப் பேப்பரை போட்டோ எடுத்து..."

"போட்டுட்டியா?"

"இன்னும் இல்லை. பர்வதம் போனைப் பிடுங்கி வெச்சுண்டுட்டா. இவளோட போன்லேர்ந்துதான் பேசறேன்."

"அவகிட்டயே இருக்கட்டும்" என்றார் அனந்தராமன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. சிநேகிதனைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு விஷாகா வந்தாள். வாபஸ் படிவம் கையெழுத்தோடு அவள் போனில் தயாராக இருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, காமாக்ஷி வார்த்த தோசையைச் சாப்பிட்டாள்.

"எல்லாம் என்னாலதான்மா" என்றார் அனந்தராமன். "அன்னிக்கே ஒரு நடை போய் உன் பேரைப் பதிஞ்சிருந்தேன்னா..."

விஷாகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று இருந்தது.

"போயிருந்தாலும் வேற ஏதாவது கிடைச்சிருக்கும்ப்பா. பாவம், ஜம்பு அங்கிள் கோட்டெல்லாம் போட்டுண்டு வந்து உண்மையைச் சொன்னார். என்ன ஆச்சு? நான் என்ன நினைச்சேன் தெரியுமா, இன்னும் ஒரே ஒரு ப்ரூஃப் கொடுத்தா இது முடிஞ்சுடும்னு. முடியலேன்னா விலகிடலாம்னு. இட்ஸ் நெவர் கோயிங் டு எண்ட். நான் விலகினா, பார்த்தியா ஓடிப் போயிட்டான்னு அதையே ப்ரூஃப்னு சொல்லுவாங்க. ஷ்ரேயாவை அப்பவும் பஸ்ல கேப்பாங்க."

"அப்போ என்ன பண்ணப் போறே?"

"தெரியலை. ரொம்ப டயர்டா இருக்கு." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணிக்கு இன்னும் ஆறு நிமிடம். "கார்ல என் பேர் போட்ட தேர்தல் போர்டு இருபது மிச்சம் இருக்கு. உங்ககிட்ட சுத்தியல் இருக்கா?"

அனந்தராமன் கராஜுக்குப் போய்ச் சுத்தியலைத் தேடி எடுத்து வருவதற்குள் மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. அவள் படிவத்தை அனுப்பினாளா என்று அவர் கேட்கவில்லை. காமாக்ஷி கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள் மகள். காமாக்ஷி தோசைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறை மேடைமேல் மூன்று வாரமாகக் கிடந்த சான்றிதழை, கூப்பன்கள் போடும் டிராயருக்குள் தள்ளி மூடினாள்.

முதல் போர்டை அவர்கள் வீட்டுப் புல்தரையிலேயே நட்டார்கள். வெயிலில் மண் கல்லாக இறுகியிருந்தது. நான்கு அடி அடிப்பதற்குள் அவருக்குத் தோள் விட்டுப்போயிற்று. விஷாகா சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

நாயை நடத்திக்கொண்டு போன ஒருவர் நின்று, போர்டில் இருந்த பெயரைப் படித்தார். அனந்தராமனிடம், "ஒன்று கேட்கலாமா? இவர்..." என்று ஆரம்பித்தார்.

"டாலஸ்ல" என்றார் அனந்தராமன், அவர் முடிப்பதற்குள்.

அந்த ஆள் விழித்தார். "இவர் இப்போதும் கவுன்சிலர்தானே என்று கேட்க வந்தேன். எங்கள் தெருவில் இரண்டு மாதமாக விளக்கு எரியவில்லை. யாரிடம் சொல்வது?"

அனந்தராமன் தோளைப் பிடித்துக்கொண்டு, சுத்தியலும் கையுமாகக் குனிந்திருந்த மகளைக் காட்டினார்.