அஞ்சிலை இருந்த இடம்

ஆடு மேய்ந்திருந்தால் அடித்தண்டாவது மிஞ்சியிருக்கும். இங்கே பாறை வெடிப்பில் மூன்று குழிகள். மூன்றும் வட்டமாக, தோண்டின மண்ணைத் திரும்பப் போட்டு லேசாகத் தட்டிவிட்ட பதவிசோடு. இது படித்தவர்கள் பார்த்த வேலை என்று செடிக்காரிக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

செடிக்காரி என்பது அடுக்குமாடிக்காரர்கள் வைத்த பெயர். அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் தாவரக் காப்பகத்தில் வேலை. காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி, எங்கே முளைத்தது, யார் பறித்தது என்று சீட்டு எழுதி, 'மாதிரி' என்று பெயரிட்டு பீரோவில் அடுக்கிவைக்கிற இடம். உலகத்துப் புல்லையெல்லாம் பெயர் சொல்லி அழைப்பார் மனுஷன். கடைக்கு அனுப்பினால் வாடின கீரையாகப் பார்த்து வாங்கிவருவார். அது இருக்கட்டும்.

அந்தச் செடிக்கு வீட்டுக்குள் அவர்கள் வைத்திருந்த செல்லப்பெயர் அஞ்சிலை. ரோஜாவுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் பணக்காரச் சொந்தத்தின் பகட்டு கிடையாது. தரையோடு படர்ந்து கிடக்கும். ஒரு காம்பில் ஐந்து சிற்றிலைகள், விரித்த கைமாதிரி. விளிம்பில் அரம் போன்ற பற்கள். மேலே பச்சை, புரட்டினால் பஞ்சு ஒட்டினமாதிரி வெள்ளை. பூ மஞ்சள், இதழ் ஐந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் சின்ன வெட்டு. பூ உதிர்ந்ததும் நடுவில் கடுகைவிடச் சிறிய காய்கள் குவியலாக நிற்கும். மலைக்கு அந்தப் பக்கம், குளிர்ந்த புல்வெளியிலும் சரளைச் சரிவிலும் சீந்துவார் இல்லாமல் கிடக்கிறது. இந்தப் பக்கம் கிடையவே கிடையாது என்று எல்லாப் புத்தகமும் சத்தியம் செய்தது.

கைவிட்ட கல்குவாரியின் நிழல் விழுகிற பக்கத்தில் இவள் கண்டுபிடித்தாள். மொத்தம் மூன்றே புதர். ஓர் இலையும் ஒரு பூவும் மட்டும் கிள்ளிக்கொண்டு வந்தாள். காய் முற்றட்டும், நாலு காயைப் பார்த்து, இன்ன செடி இங்கே இருக்கிறது என்கிற விவரணையை எழுதி முடித்துவிட்டால் மிச்சம் தானாக விழுந்து முளைக்கும் என்பது அவள் கணக்கு. வாயைக் கட்டியிருக்கலாம். எங்கே! காப்பகத்துத் தேநீர் இடைவேளையில் இடத்தைப் படம் போட்டே காட்டிவிட்டாள்.

"இது சாதாரண வகைதான். கண்ட இடத்துல வளர்ற களை. காய் வழவழன்னு இருக்கும், வேணா பாரு" என்றார் வீட்டுக்காரர், காப்பகத்து இயக்குநர் எதிரிலேயே.

"இது மலைக்கு அந்தப் பக்கத்துச் செடிதான். காய் சுருக்கம் விழுந்ததா இருக்கும். வந்ததும் நானே காட்டறேன்" என்றாள் இவள்.

இயக்குநர் இருவரையும் பார்த்துச் சிரித்தார். "வேரில்லாத மாதிரியெல்லாம் ஒரு மாதிரியாம்மா?"

அந்தச் சிரிப்பு இப்போது குழி விளிம்பில் நின்றவளின் காதில் கேட்டது.

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே படுக்கையறைக்குப் போய் மெத்தையைத் தூக்கினாள். வீட்டுக்காரருக்கு அது பழைய வழக்கம்: காப்பகத்தில் செடியை அழுத்திக் காயவைக்கிற பலகை எப்போதும் நிறைந்திருக்கும் என்று செய்தித்தாளுக்குள் செடியை வைத்து மெத்தைக்கடியில் சொருகி, அதன்மேல் நிம்மதியாகத் தூங்குவார். தாளைப் பிரித்தாள். அஞ்சிலை, வேரோடு, காயோடு, கைகால் விரித்துப் படுத்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவில்லை. அந்தக் கட்டிடத்தின் ஜன்னல்கள் அப்படி, எல்லாம் தானாகவே கேட்கும். அவளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "நீ" போய் "நீங்க" வந்ததுமே மேல்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"சொல்லுங்க ஐயா. எப்போ போனீங்க?"

"ஒண்ணுதாம்மா எடுத்தேன். மூணு இருக்குன்னு நீதானே சொன்னே, மிச்சம் ரெண்டு போதாதா?"

"ஒண்ணு நீங்க எடுத்தீங்க. மத்த ரெண்டு தானா நடந்து போச்சா?"

வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க முகம் வெளுத்தது. "இயக்குநர் ரெண்டு எடுத்தாராம். பூவோட இருந்தப்பவே. ஒண்ணு நம்ம பீரோவுக்கு, ஒண்ணு வெளியூர்க் காப்பகத்துக்குப் பரிமாற்றமா. எனக்கு நேத்துதான் சொன்னார்."

"அப்ப நீங்க எடுத்ததுதான் கடைசி."

"எனக்கெப்படித் தெரியும்? பக்கத்துல மண்ணு கிளறியிருந்துச்சு, பன்னின்னு நெனச்சேன்."

"பன்னி மண்ணைத் தட்டி வைக்குமா? பன்னிக்கு இருக்கிற..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அந்த வாக்கியத்தை அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு விதமாக முடித்துக்கொண்டார்கள்.

லென்ஸை எடுத்து ஒரு காயைப் பார்த்தாள். முற்றியிருந்தது. வாதுமைக் கொட்டைமேல் ஓடுகிறமாதிரி சுருக்கம். லென்ஸை அவர் பக்கம் நீட்டினாள். அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சரி, நீ சொன்னதுதான்" என்றார். ஜெயித்த சந்தோஷம் ஒரு சொட்டு வரவில்லை அவளுக்கு. இடுக்கியை எடுத்துக் காய்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

"ஐயோ, என்ன பண்றே! காயோட இருக்கிற ஒரே மாதிரி இதுதான். நாளைக்கு யார் வந்து கேட்டாலும் காட்ட வேணாமா? உன் விவரணைக்கே இதுதானே ஆதாரம்!"

"நாலு காய் அட்டையில இருக்கட்டும். மிச்சம் மண்ணுக்கு. காப்பகத்து அடுப்புல காயவெச்சிருந்தா இந்நேரம் வெந்து போயிருக்கும். உங்க சோம்பேறித்தனத்தால இதுக்கு உயிராவது இருக்கு."

அவர் தடுக்கவில்லை. குவாரிக்கு அவரும் கூட வந்தார், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு, பத்தடி பின்னால். வெடிப்பில் மண்ணைக் கிளறி அவள் காய்களைத் தூவினாள். முளைக்குமா, முளைத்தாலும் இந்த வெயிலில் நிற்குமா, அவளுக்கே தெரியாது. "கொஞ்சம் தள்ளி ஊத்துங்க, அடிச்சிட்டுப் போயிடும்" என்றாள். அன்றைக்கு அவரிடம் அவள் பேசின ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதுவும் செடிக்காகப் பேசினது.

மறுநாளே விஷயம் இயக்குநருக்கு எட்டியது. போன் செய்தார்.

"மாதிரியைப் பிச்சிட்டியாமே? அது காப்பகச் சொத்தும்மா. அதோட, ராத்திரி நீ அனுப்பின விவரணையில, செடி எங்கெங்க இருக்குன்னு சொல்ற பரவல் பகுதியில 'மலையின் இந்தப் பக்கம்'னு மொட்டையா எழுதியிருக்கே. சரியான இடத்தைப் போட வேண்டாமா?"

"இடமா சார்? உங்களுக்குத் தெரியாத இடமா? போய்ப் பாருங்க, குழி இருக்கும்."

வைத்துவிட்டாள். அது மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று துணி காயப்போடப் போனாள்.