பெட்டி நிரம்பாதவரை

உலகெங்கும் பரந்து வாழும் துறைமுகத்தடிப் பெருங்குடி மக்கள் அனைவரும் அறிக. இத்தால் சகலருக்கும் பிரகடனப்படுத்துவது யாதெனில், துறைமுகத்தடி உறவுகள் உலக மாமன்றத்தின் மின்னஞ்சல் அங்கத்துவப் பட்டியல் வரலாற்றில் முதன்முறையாகச் சுத்திகரிக்கப்படவுள்ளது. பதினைந்து நாட்களுக்குள் தமது இருப்பை உறுதிசெய்யாதோர் இல்லாதோராகக் கருதப்பட்டு நீக்கப்படுவர். இங்ஙனம், இரத்தினசிங்கம், ஆயுட்காலப் பொதுச் செயலாளர்.

இந்தப் பிரகடனம் 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. வெளியான இடம் உட்துறைமுக வீதியில் நான் வைத்திருந்த கொமினிக்கேசன் கடை. இரண்டு தொலைபேசி, ஒரு போட்டோ கொப்பி மிஷின், ஒரு கணினி, அதன் முன்னால் கை உடைந்த ஒரு பிளாஸ்டிக் கதிரை. உலக மாமன்றத்தின் தலைமைச் செயலகம் அந்தக் கதிரைதான். இரத்தினசிங்கத்தார் அரசாங்கத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். அவர் அந்தக் கதிரையில் வந்து அமர்ந்தால் செயலகம் இயங்கும். எழும்பிப் போனால் அடுத்த ஆள் அதில் இருந்து கொழும்புக்குப் பெட்டிசம் என்ற முறைப்பாட்டு மனு அடிப்பார்.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒரு மனிதன் தன் இருப்பை உறுதிசெய்துகொண்டேயிருக்க வேண்டும். சந்தியில் ஆமிக்காரன் கேட்பான், துறைமுக வாசலில் கடற்படைக்காரன் கேட்பான், கடலுக்குப் போகிறவனிடம் பாஸ் கேட்பார்கள். மாமன்றம் மட்டும் கேட்காமல் இருந்தது. அந்தக் குறையைச் செயலாளர் தீர்த்துவைத்தார்.

பட்டியல் எப்படி வேலை செய்ததென்று சொல்லவேண்டும். ஒரு முகவரிக்கு மடல் அனுப்பினால் அது தானாகவே எல்லா அங்கத்தவருக்கும் போகும். சேர விரும்புகிறவர் விண்ணப்பித்தால் "கேட்டது நீங்கள்தானா?" என்று மிஷின் திருப்பிக் கேட்கும். ஓம் என்று பதில் போட்டால் சேர்த்துக்கொள்ளும். விலகுவதற்கும் அதே முறைதான். ஆனால் எங்கள் ஆட்கள் முறைப்படி விலகிய சரித்திரம் இல்லை. ரொறொன்ரோவில் இருக்கும் ஒருவர் "என்னை எடுத்து விடுங்கோ" என்று முழுப் பட்டியலுக்கும் எழுதுவார். "தம்பி, இதை எல்லாருக்கும் அனுப்பக்கூடாது" என்று ஒஸ்லோவில் இருந்து இன்னொருவர் எல்லாருக்கும் அனுப்புவார். அவருக்குப் புத்தி சொல்ல ஏழெட்டுப் பேர் எல்லாருக்கும் எழுதுவார்கள். மாமன்றத்தில் காரசாரமான கருத்துப் பரிமாற்றம் நடந்ததாகச் செயலாளர் ஆண்டறிக்கையில் குறிப்பிடுவார்.

இதையெல்லாம் அமைத்துத் தந்தவன் பேணாட். எல்சி ரீச்சரின் ஒரே மகன். என் கடையில்தான் வேலை செய்தான். மடல் மூன்று தரம் போய்ச் சேராமல் திரும்பி வந்தால் அந்தப் பெயரை மிஷின் தானாகவே நீக்கும் என்ற விதியும் அவன் போட்டதுதான். 1999 முடிகிற நேரத்தில் களவாக ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டான். மொஸ்கோவிலிருந்து ஒரு மடல் வந்தது. பிறகு எந்த ஊர் என்று சொல்லாமல் இன்னொன்று: "இங்க சரியான குளிர். நாளைக்கு வெளிக்கிடுறம். அம்மாட்டச் சொல்லுங்கோ." அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஏஜென்சிக்காரனின் தொலைபேசி மணியடிப்பதும் நின்றுபோனது.

எல்சி ரீச்சர் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைக்கு வருவார். அவர் சொல்லச் சொல்ல மகனுக்கு ஒரு மடல் அடித்து அனுப்புவேன். பிறகு வழமையான கேள்வி வரும்.

"தம்பி இராசதுரை, பட்டியலிலை பேர் இருக்கோ?"

"இருக்கு ரீச்சர்."

"திரும்பி வரேல்லையே?"

"இல்லை."

"அப்ப திறக்கிறான்."

இது ரீச்சரின் நம்பிக்கை மட்டுமல்ல, கணக்கும்கூட. இலவசமாகக் கிடைக்கும் மடற்பெட்டி சின்னது. திறந்து காலியாக்காவிட்டால் நிரம்பிவிடும், நிரம்பினால் மடல் திரும்பி வரும் என்று பேணாட்டே அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தான். இரத்தினசிங்கத்தாரோ வாராவாரம் தான் மாலை போட்டு நிற்கும் படத்தை மடலோடு சேர்த்து அனுப்புகிறவர். கோயில் திருவிழாவில் மாலை, வாசிகசாலைத் திறப்பில் மாலை, ஒருமுறை தன் வீட்டு வாசலில் காரணமில்லாமல் மாலை. அந்தப் படங்களின் பாரம் தாங்காமல் கனடாவிலும் சுவிசிலும் எத்தனையோ பெட்டிகள் நிரம்பி, ஆட்கள் பட்டியலிலிருந்து தாமாக உதிர்ந்திருந்தார்கள். பேணாட் உதிரவில்லை. ஆகவே எங்கேயோ இருந்து அவன் அந்தப் படங்களை அழித்துக்கொண்டிருக்கிறான். செயலாளரின் தற்பெருமையால் உலகத்தில் யாருக்காவது ஆறுதல் கிடைத்ததென்றால் அது ரீச்சருக்குத்தான்.

நவம்பர் மாதம் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பங்குக் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள், பூசையில் வாசிப்பார்கள். முந்தின வருடம் சொந்தக்காரர்கள் ஓரக்கண்ணால் பார்த்தபடி பேணாட்டின் பேச்சை எடுத்தார்கள். ரீச்சர் பாதரிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"கொம்பியூட்டர்ப் பட்டியலிலை இருக்கிற பிள்ளையை ஆத்துமாப் பட்டியலிலை எழுத ஏலாது பாதர்."

பாதருக்குக் கொம்பியூட்டர் தெரியாது. சரி என்றார்.

இந்த நிலையில்தான் சுத்திகரிப்பு வந்தது. செயலாளர் பிரகடனத்தை உரத்து வாசித்து முடிக்கும்போது ரீச்சர் வாசலில் நின்றார்.

"சேர், மறுமொழி போடாட்டி?"

"பெயர் நீக்கப்படும் ரீச்சர். சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

"ஆர் போட்ட சட்டம்?"

"பொதுச்சபை."

பொதுச்சபை என்பது அவரும் நானும் இரண்டு பிளேன்ரீக் கோப்பையும்.

"பேணாட்டை மட்டும் விடுங்கோ சேர். அவன் திறக்கிறான், மறுமொழிதான் போடுறானில்லை. அதுக்கொரு காரணம் இருக்கும்."

"விதிவிலக்குத் தொடங்கினா நாளைக்கு நோர்வேக்காரர் கேள்வி கேப்பினம்."

"அவையள் உங்கட மடலை வாசிக்கினமெண்டு ஆர் சொன்னது?" என்றேன்.

செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில் என் அங்கத்துவமே ஆடியது.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை மின்வெட்டு முடிந்து கணினி உயிர்த்ததும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். உலகளாவிய பெருங்குடி மக்களில் இருப்பை உறுதிசெய்தவர்கள் ஒரு சிற்றூர்திக்குள் அடங்குவார்கள். அதில் கடைசிப் பெயர் பேணாட்.

ஆளனுப்பி ரீச்சரைக் கூப்பிட்டேன். தைத்துக்கொண்டிருந்த கோலத்திலேயே, விரல் நுனியில் ஊசித்தொப்பியோடு வந்தார். திரையை அந்த விரலால் தொட்டார்.

"இதுதானே அவன்ர பேர்?"

"ஓம் ரீச்சர்."

"எப்ப?"

"இண்டைக்குப் பின்னேரம்."

"அப்ப இண்டைக்குப் பின்னேரம் என்ர பிள்ளை உயிரோட இருந்திருக்கிறான்" என்றார். துறைமுகத்துக்குள் சுழியோடிகளைத் தடுக்கக் கடற்படை தண்ணீரில் போடும் வெடியொன்று கேட்டது. கண்ணாடி அதிர்ந்தது. வழமையாகத் திடுக்கிடுகிறவர் அன்று திடுக்கிடவில்லை.

அடுத்த நாள் நன்றிப் பூசை. செயலாளர் அதைவிட வேகம். "மாமன்றத்தின் அயராத முயற்சியால் காணாமற்போன அங்கத்தவர் கண்டுபிடிப்பு" என்று உலகத்துக்கு அறிவித்தார். பேணாட்டின் படம் எங்களிடம் இல்லாதபடியால், மாலையோடு தன் படத்தையே சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ரீச்சர் மகனுக்கு மடல் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மடல் நீளம். குளிருக்கு என்ன போடுகிறாய், சாப்பாடு என்ன, கோபமென்றால் கோபமென்று எழுது. அப்போது சீலா ஓடி வந்தாள். நிலாவெளிப் பிள்ளை. ஓர்ஸ் ஹில்லில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கிளாக்காக இருந்தாள். பேணாட் இருந்த காலத்தில் போட்டோ கொப்பி எடுக்க அடிக்கடி வருவாள். அவ்வளவு கொப்பி எந்த நிறுவனத்துக்கும் தேவைப்படாது.

"அண்ணை, பேணாட் எங்க நிக்கிறான்?"

மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு. ரீச்சரை அவள் கவனிக்கவேயில்லை.

"எங்கையெண்டு தெரியாது. பட்டியலிலை உறுதிசெய்திருக்கிறான். மாமன்றத்தின்ர அறிவித்தல் பாத்தனீயோ?"

"பாத்தனான். அதுதான் ஓடி வந்தனான். எப்ப உறுதிசெய்தவன்?"

"செவ்வாய்க்கிழமை. பின்னேரம், கறன்ட் வாறதுக்குக் கொஞ்சம் முன்னம்."

சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிப்போனது. பின்னால் கையால் தடவி, கை உடைந்த இன்னொரு கதிரையைக் கண்டுபிடித்து அதில் இருந்தாள்.

"அது நான் அண்ணை."

எனக்கு விளங்கவில்லை. ரீச்சருக்கு விளங்கிவிட்டதென்று நினைக்கிறேன். அவர் தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்தார்.

போகும்போது பேணாட் அவளிடம் தன் பெட்டியின் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறான். கனநாள் திறக்காவிட்டால் பெட்டியையே மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் கிழமைக்கு ஒருதரம் ஜெனரேற்றர் இருக்கும் தன் அலுவலகத்தில் இருந்து திறப்பாள். செயலாளரின் படங்களை அழித்து இடம் வைப்பாள். செவ்வாய்க்கிழமை, உறுதிசெய்யாவிட்டால் பெயர் போய்விடும் என்று கிடந்தது. அவன் தொடக்கிய பட்டியலில் அவன் பெயர் இல்லாமல் போவது சரியில்லை என்று பட்டது. அழுத்தினாள். வியாழக்கிழமை மனம் கேளாமல் அதே பெட்டியைத் திரும்பவும் திறந்தபோது, பேணாட் கண்டுபிடிக்கப்பட்டான் என்ற செய்தி பேணாட்டுக்கே வந்திருந்தது.

"நானும் நம்பிப் போட்டன் அண்ணை. ஒரு இரவு முழுக்க."

அப்போதுதான் திரும்பி ரீச்சரைப் பார்த்தாள். எழும்பினாள்.

"அன்ரி, நீங்கள் இதை நம்பி இருக்கிறீங்களெண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது மாமி."

ரீச்சர் அன்ரியில் இருந்து மாமியானதைக் கவனித்தார்.

"என்ர கடிதங்கள்?"

"ஒண்டையும் அழிக்கேல்ல மாமி. எல்லாம் கிடக்கு."

"வாசிச்சனீயோ?"

"முதல் ஒண்டு ரெண்டு. பிறகு வாசிக்க மனம் வரேல்ல."

"நீ இல்லாத நேரம் ஆரும் திறந்த அடையாளம்?"

சீலா நிலத்தைப் பார்த்தாள். "நான் அவனுக்குப் போட்ட மடலும் அதுக்குள்ள திறக்காமத்தான் கிடக்கு."

அந்த நேரம் பார்த்துத்தான் இரத்தினசிங்கத்தார் வாழ்த்து மடல்கள் வாசிக்க வந்தார். நான் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். முகம் கறுத்தது. ரீச்சருக்காக என்று நினைத்தேன்.

"மறுப்பு ஒண்டும் வெளியிட ஏலாது, இராசதுரை. மாமன்றத்தின்ர மானம் என்னாகிறது?"

உள்ளே வந்தபோது இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ரீச்சர் வகுப்பில் கதைக்கிற குரலில் கதைத்தார்.

"நீ காலியாக்கினபடியால் அவனுக்குத் திறக்கிற தேவை வராமலும் இருந்திருக்கலாம். இனி நீ தொடாத. பாப்பம்."

"நிரம்பினா மாமி?"

"நிரம்பட்டும். தம்பி, நீங்களும் கை வைக்கக்கூடாது. பிள்ளை போட்ட விதி, அது தன்ர பாட்டில நடக்கட்டும்."

அவர் சொன்ன கணக்கு பிழை; மடல் வாசிக்கிறவன் பெட்டி நிரம்பும்வரை காத்திருக்கமாட்டான். தையல் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி வெட்டியிருந்தால் துணியைப் பறித்திருப்பார். நான் திருத்தவில்லை. ஒரு சொடுக்கில் பேணாட்டை மட்டும் நீக்காமல் வைத்திருக்க மிஷினில் வசதி இருந்தது. ரீச்சர் அதை அறிந்தவர்போலத்தான் சொன்னார். ஆகவே செயலாளரிடம் போனேன், கொஞ்ச நாளைக்குப் படம் இல்லாமல் அனுப்புங்கோ என்று கேட்டேன்.

"படம் இல்லாட்டி ஆர் அனுப்பினதெண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

ஒக்டோபர் முழுவதும் ரீச்சர் வந்தார். மடல் சொல்லவில்லை, அவன் பெட்டியில் இடம் பிடிக்கக்கூடாதாம். பெயர் இருக்கோ என்று மட்டும் கேட்பார். சீலாவும் நிலாவெளி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு வந்து பக்கத்தில் நிற்பாள். ஒஸ்லோவில் இருந்தும் ரொறொன்ரோவில் இருந்தும் வாழ்த்துகள் வந்துகொண்டேயிருந்தன. முகம் தெரியாத அந்த ஆட்களுக்கெல்லாம் ரீச்சர் தன் கையால் நன்றி எழுதித் தந்து என்னைக் கணினியில் அடிக்கச் சொன்னார். உங்கள் அன்பான விசாரிப்புக்கு நன்றி. அதற்குமேல் ஒரு சொல் எழுதவில்லை.

பேணாட்டுக்குப் போன மாமன்ற மடலொன்று திரும்பி வந்தது. பெட்டி நிரம்பியுள்ளதாம். பிறகு இன்னொன்று. மூன்றாவதும் வந்த வெள்ளிக்கிழமை ரீச்சர் கேட்க முதலே சீலா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரின் கையைப் பிடித்தாள். ரீச்சர் திரையில் பெயர் இல்லாத இடத்தைப் பார்த்தார். மற்றப் பெயர்கள் ஒரு வரி மேலே ஏறி நின்றன.

"அவன் போட்ட விதி நல்லா வேலை செய்யுது" என்றார்.

என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். கதிரையின் உடையாத கையில் வைத்து மகனின் முழுப்பெயரையும் எழுதினார். சீலாவிடம் காட்டிச் சரியோ என்று கேட்டார். அவள் ஓம் என்றாள். இருவரும் கோயில் பக்கமாக நடந்து போனார்கள். நவம்பர் இரண்டாம் திகதி பூசையில் பாதர் அந்தப் பெயரை வாசித்தார்.

எந்த மடலோடு பெட்டி நிரம்பியதென்று பிறகு ஒருநாள் சீலா திறந்து பார்த்துச் சொன்னாள். பேணாட் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியைச் செயலாளர் ஆண்டறிக்கையோடு இரண்டாம் தரம் அனுப்பியிருந்தார், படத்தோடு.