பதினோரு விநாடி

அப்பாவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்தபோது எல்லாரும் பெரியவளைத்தான் பார்த்தார்கள். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். கல்யாணம் ஆகாதவள், பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரலாம் என்று முடிவாயிற்று. வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்த தம்பி, சின்னவன், "நீ இருக்கேன்னுதான்க்கா நான் நிம்மதியாத் தூங்கறேன்" என்று போனில் சொன்னான். நன்றாகவே தூங்கினான், ஆறு வருஷம்.

அப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்து ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். பெற்ற பிள்ளைகளின் பேர் மறந்த பிறகும் தொழில் மறக்கவில்லை. பெரியவள் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தால், "கண்ணாடியப் பாத்து எடு" என்பார். ஸ்பூன் வாயருகே வந்தால், "ஸ்லோ, ஸ்லோ. முன்னாடி ஸ்கூல் இருக்கு" என்பார். டயப்பர் மாற்றும்போது மட்டும் ஆளே வேறாகிவிடுவார். யாரோ அந்நியப் பெண் தன் துணியை உருவுகிறாள் என்று உதைப்பார், துப்புவார். அவளைப் பெற்றவளை இழுத்துத் திட்டுவார், அந்தப் பெற்றவள் செத்துப்போன தன் பெண்டாட்டிதான் என்பதும் தெரியாமல்.

அவளுக்கு இருந்த ஒரே பெருமை அப்பாவின் பல். எண்பத்தொரு வயதில் ஒன்றுகூட ஆடவில்லை. ஒரு நாள் விடாமல் தேய்த்துவிடுவாள்.

போன வருஷம் வந்திருந்த சின்னவன் கட்டிலுக்கு எதிரே, சுவரின் உச்சியில், ஒரு கேமராவைப் பொருத்தினான். "உன்னைப் பாக்க இல்லக்கா, அப்பாவைப் பாக்க" என்றான். அதற்குப் பிறகு அவன் ஆபீஸிலிருந்தே அறையை நடத்தினான்.

"கால் மணி நேரமா ரூம்ல ஆளையே காணோமே?" அவள் குளிக்கப் போயிருந்தாள்.

"தலையணை சரிஞ்சிருக்கு பாரு."

வந்து நீயே சரி பண்ணு என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டுத் தலையணையைச் சரிசெய்தாள்.

அன்று காலை அவள் அறைக்குள் போனபோது அப்பா டயப்பரைப் பிய்த்து சுவரெல்லாம் பூசி வைத்திருந்தார். வாளியும் துணியுமாக வந்து அவர் கையைத் துடைக்கக் குனிந்தாள். மணிக்கட்டைக் கவ்விவிட்டார்.

"அப்பா, விடுங்க. வலிக்குதுப்பா, விடுங்க."

பல் உள்ளே இறங்கியது. கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அவர் வாயைத் திறந்தார். அந்த முகத்தில் அப்போது சிரிப்பு மாதிரி ஏதோ ஓடியது. சிரிப்பாக இல்லாமலும் இருந்திருக்கலாம். இன்னொரு அறை விட்டாள், முதலாவதைவிடப் பலமாக. அப்பா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதார். அவளும் அழுதபடியே ஈரத்துணியை அவர் கன்னத்தில் ஒற்றினாள்.

மதியத்துக்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்துவிட்டது. பதினோரு விநாடி. கடித்தது அதில் இல்லை. முதல் அறை இல்லை, ஈரத்துணியும் இல்லை. 'நம்பி விட்டதுக்குப் பலன்' என்று சின்னவன் கீழே எழுதியிருந்தான்.

சாயங்காலம் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு ஆறு வருஷத்தில் நாலு தடவை எட்டிப் பார்த்தவள்.

"பெத்த அப்பன் மேல கை நீட்ட எப்படிடி மனசு வந்துச்சு?"

பெரியவள் மணிக்கட்டைக் காட்டினாள்.

"இந்த வயசுல கடிக்கிற அளவுக்கு யாருக்குப் பல்லு இருக்கு?"

"இவருக்கு இருக்கு அத்தை. நான்தான தேய்ச்சுவிடறேன்."

அத்தை காயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குரல் இறங்கியது. "சரி. கையை விடுவிக்கத்தான் அடிச்சேன்னு சொல்லிடு. மத்தவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும். வளர்ந்த விதமோ, தூக்கம் கெட்ட மூளையோ, ஆட்ட முடியவில்லை.

"விடுவிக்க ஒண்ணு அடிச்சேன். அதுலயே விட்டுட்டாரு. வீடியோல இருக்கறது அதுக்கடுத்தது."

"அப்புறம் பேச என்ன இருக்கு?" என்று அத்தை எழுந்தாள்.

இரண்டாம் நாள் சின்னவன் ஏஜென்சியிலிருந்து ஒரு நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தம்மா பையைக் கீழே வைக்கும் முன்பே மேலே கை காட்டினாள்.

"இது இருந்தா நான் வேலை பாக்க மாட்டேன் சார். யாராவது பாத்துட்டே இருந்தா கை ஓடாது."

"நியாயம்தான்" என்று சின்னவன் ஸ்டூல் போட்டு ஏறி ஒயரைப் பிடுங்கினான். இறங்கி வந்து அக்காவிடம், "கொஞ்ச நாள் நீ வெளிய இரு, அக்கா. ஊர் வாயை மூடணும்ல" என்றான்.

அவள் ஒற்றை அறை ஒன்றுக்குப் போனாள். பழைய ஆஸ்பத்திரியில் வரவேற்பு நாற்காலி காலியாக இல்லை. பின்கட்டில் கருவிகளைக் கழுவி அடுக்கும் வேலை கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனாள். இரண்டு கையையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தது. அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அவங்க டிரெயினிங் எடுத்தவங்க. உன்னை மாதிரி அடிக்கலையே. கட்டித்தான வெச்சிருக்காங்க?"

கட்டை அவிழ்த்து அப்பாவைப் புரட்டினாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. படம் எடுத்து, குழுவில் போடலாம் என்று தேடினால், குழுவில் அவளே இல்லை. எடுத்துவிட்டிருந்தார்கள். அத்தைக்கு அனுப்பினாள். பார்த்ததற்கான நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு நர்ஸம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "உங்களை உள்ள விட வேணாம்னு சார் சொல்லிட்டாரு. தப்பா நினைச்சுக்காதீங்க." உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "யாரு வண்டியை நடுவுல நிறுத்தினது? எடுக்கச் சொல்லு." குரல் ஓயும்வரை பெரியவள் படியில் நின்றாள்.

ஐந்து வாரத்தில் அப்பா போய்விட்டார். புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம். சின்னவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். அது நடிப்பு இல்லை. "கடைசிவரைக்கும் நர்ஸ் வெச்சுப் பாத்த பிள்ளை" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கூடம் நிறைந்திருந்தது. பெரியவள் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அதையும் நாலு பேர் கவனித்தார்கள்.

பையோடு கிளம்பிய நர்ஸம்மா அவளிடம் வந்து நின்றாள்.

"பல் ஆஸ்பத்திரில வேலைன்னு சார் சொன்னாரு. அங்க வர்றவங்க யாராவது வயசானவங்களைப் பாத்துக்க ஆள் கேட்டா என்னைச் சொல்லுங்கக்கா."

நம்பரைச் சொன்னாள். பெரியவள் போனை எடுத்து, கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு எண்ணாகப் பதிந்துகொண்டாள்.